திகில் காமிக்ஸ் அட்டை ஓவியம்: விலை டபுள் ஆனா லாபமும் டபுளா?



சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து காமிக்ஸ் ரசிகர்களுக்கு ஈரோடு புத்தகத் திருவிழான்னா தனி குஷி. 1972-ல் இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்ச முத்து காமிக்ஸ், 1984-ல் வந்த லயன், அப்புறம் பேய்க்கதைக்குன்னே வந்த திகில் காமிக்ஸ்... எல்லாமே சிவகாசியில இருந்து வந்ததுதான். பழைய இதழ்களைச் சேர்க்கிறவங்களுக்கு ஒரு கட்டத்துல அடுத்த ஆசை வரும்: அந்த அட்டைக்காக ஓவியர் கையால வரைஞ்ச ஒரிஜினல் படம்.

ஆசை தப்பில்லை. ஆனா "இது முதலீடு சார்"னு சொல்லி பர்சனல் லோன் போடப் போறீங்கன்னா, கொஞ்சம் நில்லுங்க.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கு. அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டா 1969-ல் 'ஈரீ' திகில் இதழுக்கு வரைஞ்ச 'எகிப்திய ராணி' அட்டை ஓவியம், 2019-ல் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அன்றைய மதிப்புல 37 கோடி ரூபாய்க்கும் மேல! ஆனா அங்கே பெரிய ஏல நிறுவனங்கள் இருக்கு, விலைப் பதிவு இருக்கு, வாங்க ஆளும் இருக்கு. நம்ம ஊர்ல அவசரத்துக்கு விக்கணும்னா, தெரிஞ்ச நாலு ரசிகர்களைத்தான் கேட்கணும்.

கணக்குப் போடுவோம்

ஒரு உதாரணம். படம் 40,000 ரூபாய், ஃபிரேம் 6,000. எட்டு வருஷம் கழிச்சு 80,000-க்கு விக்கிறீங்க. இடைத்தரகர் கமிஷன் 15% வெச்சா 12,000 போயிடும். வரி சுமார் 3,600. கையில மிஞ்சுறது 64,400. நீங்க போட்டது 46,000. வருஷத்துக்கு சுமார் 4.3%தான்! டபுள் ஆன மாதிரி தெரிஞ்சது, பேங்க் டெபாசிட்டைக்கூட தாண்டலை.

வரி எதுக்கு சார்?

உங்க பழைய பைக்கை வித்தா மூலதன ஆதாய வரி இல்லை, அது சொந்த உபயோகப் பொருள். ஓவியம் அப்படி இல்லை. உங்க வீட்டுச் சுவர்லயே மாட்டி வெச்சிருந்தாலும், வருமான வரிச் சட்டப்படி அது மூலதனச் சொத்து. 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா லாபத்துல 12.5% வரி, அதுக்கு மேல செஸ். அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் படி. அதனால வாங்கின பில்லைப் பத்திரமா வையுங்க. பில் இல்லைன்னா 40,000 கொடுத்தீங்கன்னு எப்படி நிரூபிப்பீங்க?

வாங்கும்முன் நாலு கேள்வி

1. ஒரிஜினல்தானா? லென்ஸ் வெச்சுப் பாருங்க. புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது அச்சு. பிரஷ் தடம், ஓரத்துல பென்சில் குறிப்பு இருந்தா நல்ல அறிகுறி.

2. ஓவியர்கிட்ட இருந்து இவர் கைக்கு எப்படி வந்துச்சு? எழுத்துல வாங்குங்க.

3. வெளிநாட்டு அட்டையைப் பார்த்து இங்கே வரைஞ்சதா? அதுக்கும் ரசிகர்கள் உண்டு, ஆனா விலை பேசும்போது அது தெரிஞ்சிருக்கணும்.

4. காப்புரிமை யார்கிட்ட? படம் உங்களுதுங்கறதால டி-ஷர்ட்ல அச்சடிச்சு விக்க முடியாது. இன்னொண்ணு, காப்புரிமைச் சட்டம் பிரிவு 53ஏ படி, 10,000 ரூபாய்க்கு மேல மறுவிற்பனை ஆனா, முதல் உரிமையாளரா இருந்த ஓவியருக்கோ வாரிசுக்கோ அந்த விலையில பங்கு கேட்க உரிமை உண்டு. உச்சவரம்பு 10%. வாழ்நாள் முழுக்க அட்டை வரைஞ்சவருக்கு அது நியாயம்தானே!

அப்போ வாங்கலாமா?

தாராளமா வாங்குங்க. ஆறு மாசச் செலவுக்கான பணம், டேர்ம் இன்சூரன்ஸ், மெடிக்கல் பாலிசி, மாச எஸ்ஐபி எல்லாம் ஓடுதுன்னா, டூர் போற பட்ஜெட்ல இருந்து எடுத்து வாங்குங்க. வெயில் படாத, ஓதம் இல்லாத சுவர்ல மாட்டுங்க. விலை ஏறினா சந்தோஷம். ஏறலைன்னாலும் தினமும் பார்த்து ரசிக்க ஒரு படம் இருக்கு. ஆனா அதுக்காக இஎம்ஐ கட்டினீங்கன்னா, பேயைவிட அந்த மாசக் கடைசி எஸ்எம்எஸ்தான் பயமுறுத்தும்!