பாட்டிக்கு நெட்டி எடுக்கலாமா?

அந்த ரீல்ஸ் உங்களுக்கும் வந்திருக்கும். ஒருத்தர் குப்புறப் படுத்திருப்பார், இன்னொருத்தர் முதுகுல கை வச்சு ஒரே அழுத்து. 'டக்'னு சத்தம். கமெண்ட்ல பாதிப் பேர் "எனக்கும் வேணும்"னு போட்டிருப்பாங்க. போன லீவுல என் போன்ல அதைப் பார்த்துட்டு பாட்டி கேட்டாங்க: "இப்படி நெட்டி எடுத்துவிட்டா என் கழுத்து வலியும் போயிடுமாடா?" பாட்டிக்கு வயசு 74. பதில் தெரியல, தேடிப் படிச்சேன்.

இதுக்குப் பேர் கைரோபிராக்டிக். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஆரம்பித்தது. காது சரியாகக் கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்று பால்மர் சொன்னார். முதுகெலும்பு விலகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவர் தியரி. ஆனா காது நரம்பு மண்டை ஓட்டுக்குள்ளேயே மூளைக்குப் போயிடும், முதுகுப் பக்கம் வர்றதே இல்ல!

சரி, அந்த 'டக்' என்ன? எலும்பு இடத்துல போய் உட்கார்ற சத்தம்னுதான் நானும் நினைச்சேன். இல்லை. மூட்டுக்குள்ள ஒரு திரவம் இருக்கு. மூட்டின் இரண்டு பக்கமும் சட்டென்று விலகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, வாயுக் குமிழி ஒன்று உருவாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ-க்குள் இழுத்துப் பார்த்தார்கள். சத்தம் வந்த நேரத்தில் குமிழி உருவானது தெரிந்தது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பம்புக்குப் படிச்ச அதே கேவிடேஷன். ஒருமுறை நெட்டி எடுத்தா சுமார் 20 நிமிஷத்துக்கு அதே மூட்டுல மறுபடி வராது, உங்க விரல்லயே பாருங்க.

அதுக்காக எல்லாமே ஏமாத்துன்னு சொல்லிடவும் முடியாது. இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி முயற்சி செய்யக்கூடியவை என்று ஒத்தடம், மசாஜ் போன்றவற்றோடு இதையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. ஆனால் "மாசாமாசம் வந்தா முதுமையே ஆரோக்கியமா இருக்கும்"ங்கிற விளம்பரம் வேற கதை. 65 வயது தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு மெடிகேர் கைரோபிராக்டிக்குக் காசு கொடுக்கும், முன்னேற்றம் இருக்கும் வரைக்கும்தான். 'மெயின்டெனன்ஸ்'னு போனா சொந்தக் காசு.

எனக்கு பயம் வேற இடத்துல. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். வெளியே ஒன்றும் தெரியாது. நம்ம முதுகு தாங்குற அதே அழுத்தத்தில் அவங்க முதுகெலும்பு நொறுங்கலாம். டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர் -2.5 அல்லது அதுக்குக் கீழே இருந்தா ஆஸ்டியோபோரோசிஸ். அப்படிப்பட்டவங்களுக்கு வேகமா அழுத்துறதை நல்ல கைரோபிராக்டர்களே தவிர்ப்பாங்க. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்களும் உண்டு. அரிதுதான், ஆனா என் பாட்டி கழுத்துல அதை டெஸ்ட் பண்ண மாட்டேன். ஊர்ல சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போனாலும் இதேதான். கால் மரத்துப்போறது, சிறுநீர் கட்டுப்பாடு போறது மாதிரி இருந்தா எங்கயும் நிக்காம நேரா ஆஸ்பத்திரி.

வயசானவங்களைப் படுக்கையில தள்ளுற விஷயங்கள்ல கீழே விழுறதும் ஒண்ணு. அதுக்கு மருந்து ரொம்ப போரிங்: உடற்பயிற்சி. 2019 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி அது விழும் எண்ணிக்கையை சுமார் 23 சதவீதம் குறைக்கிறது. 65-க்கு மேல் வாரத்தில் 3 நாளாவது பேலன்ஸ், தசை வலுப் பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாட்டியை பிசியோதெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனோம். இப்போ சீரியல் விளம்பர இடைவேளையில, கைப்பிடியைப் பிடிக்காம நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கிறாங்க. பத்து தடவைன்னு சொன்னா ஏழுலயே "பத்து"ன்னுடுவாங்க. கூட உட்கார்ந்து எண்ணணும்.