ஆயிரத்தில் ஒன்றும் முக்கால் கோடியில் ஒன்றும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திற்கு வெளியே, இரவுப் பணி முடிந்து வருகிறவர்களுக்காக விடியுமுன்னரே அடுப்பு மூட்டிவிடுகிற ஒரு தேநீர்க் கடையில், இரும்புத் தூள் படிந்த நீலச் சட்டையோடு என் அருகில் அமர்ந்திருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், மடித்து மடித்து நைந்துபோன துண்டுச் சீட்டொன்றை விரித்துக் காட்டினார். அதில் பேனாவால் 472 என்று எழுதியிருந்தது. "நேத்து 473 விழுந்துச்சு சார். ஒரே ஒரு நம்பர்ல போச்சு" என்றார். சீட்டு 60 ரூபாயாம். விழுந்திருந்தால் 25,000 ரூபாயாம்.

‘மூணு நம்பர்’ என்று வழங்கும் இந்தச் சூதுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1968-இல் அண்ணா ஆட்சி அரசுப் பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது, ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று தோற்றவருக்கும் ஒரு சமாதானம் சொல்லிவைத்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி லாட்டரி விற்பனையையே தடை செய்தது. ஆனால் கேரள அரசின் லாட்டரி நாள்தோறும் பிற்பகலில் குலுக்கப்படுவதால், பெரும்பாலும் அந்த முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை இரவல் வாங்கிக்கொண்டே இங்கே கள்ள வியாபாரம் நடக்கிறது.

சட்டத்துக்கு உட்பட்ட சீட்டை முதலில் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டின் கேரளத் திருவோணம் பம்பர், 500 ரூபாய் விலையில், 75 இலட்சத்துக்கும் மேல் விற்றது; முதற்பரிசான 25 கோடியை வென்றவர்கள், வாளையாரில் சீட்டு வாங்கிய திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர். முக்கால் கோடியில் ஒன்று என்பதை எண்ணாகச் சொன்னால் மனத்தில் தங்காது. அரிசியாகச் சொன்னால் தங்கும். பொன்னேரியில் வாங்கிய சன்ன அரிசியைப் பத்துக் கிராம் நிறுத்து, ஒரு மாலைப் பொழுதை விரயம் செய்து எண்ணினேன். எழுநூற்றைம்பதுக்கு இரண்டொன்று குறைந்தது. அந்தக் கணக்கில் முக்கால் கோடி மணி என்பது ஏறக்குறைய நூறு கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் நான்கு. நான்கையும் கூடத்தில் கொட்டி, ஒரே ஒரு மணிக்கு மஞ்சள் பூசிக் கலந்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணியைப் பொறுக்குகிறவருடைய விரலில் அந்த மஞ்சள் மணியே அகப்படுமானால், அவர்தான் கோடீசுவரர்.

எண்ணுகிற வித்தைக்கும் சூதுக்கும் உறவு பழையது. சூதில் நாடிழந்த நளன், தான்றி மரமொன்றைப் பார்த்த மாத்திரத்தில் இலையும் காயும் இத்தனையென்று சொன்ன மன்னன் இருதுபன்னனிடம் சூதின் சூட்சுமத்தைக் கற்றதாக மகாபாரதம் கூறுகிறது. அக்காலச் சூதுக்காய் தான்றிக்காயே என்பதை நினைத்தால் கதை இன்னும் ருசிக்கும். மேல்நாட்டில் 1654-இல் கணித அறிஞர்கள் பாஸ்கலும் பெர்மாவும் கடிதம் எழுதி வகுத்ததும் சூதாட்டக் கணக்கே. பரிசு ஒவ்வொன்றையும் அது கிடைக்கும் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால், ஒரு சீட்டின் சராசரி வரவு தெரிந்துவிடும். அந்தப் பம்பரின் பரிசுகள் எல்லாம் சேர்ந்து 125 கோடிக்குச் சற்று மேல். ஆகவே 500 ரூபாய்ச் சீட்டின் வரவு, வருமான வரிக்கு முன்பே, சுமார் 165 ரூபாய், அதாவது நூற்றுக்கு முப்பத்துமூன்று. தேநீர்க் கடைச் சீட்டுக்கோ, மூன்றிலக்க எண் விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்பதால், 60 ரூபாயில் 25 ரூபாய், நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்திரண்டு. சராசரி ஒன்றே விவேகமென்றால், அரசாங்கத்தைவிடக் கள்ளச் சீட்டுக்காரரே பெரிய கொடையாளி என்று சொல்ல நேரும்!

பம்பர் ஆண்டுக்கு ஒருமுறை, இதுவோ தினந்தோறும். அந்தத் தொழிலாளி நாள் தவறாமல் வாங்கினால் ஆண்டுக்கு 21,900 ரூபாய் போய், சராசரியாக 9,125 திரும்பும். அதுவும் சராசரிதான், 365 நாளும் வாங்கி ஒருமுறைகூட விழாமற் போவதற்கு நூற்றுக்கு அறுபத்தொன்பது பங்கு இடமுண்டு. சீட்டுகளை எவ்வளவு அதிகமாக வாங்குகிறோமோ அவ்வளவுக்கு நஷ்டம் நிச்சயமாகிறது என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதிவைத்தார். ஓணத்துக்கு ஒருமுறை நால்வர் கூடி ஆளுக்கு 125 ரூபாய் போட்டு, குலுக்கல் வரையில் வீடு கட்டியும் கடன் அடைத்தும் மனக்கோட்டை எழுப்புகிறவர்களை நான் மூடர் என்று சொல்லமாட்டேன். சினிமாவுக்குக் கொடுக்கிற காசுதான் அது. முக்கால் கோடியில் ஒன்றைவிட ஆயிரத்தில் ஒன்றே எனக்கு அச்சமூட்டுகிறது.

ஏனென்றால் ஆயிரத்தில் ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் பாவனை செய்கிறது. மயிரிழையில் தவறிய தோல்வி, பணம் வந்தபோது கிளர்ச்சியுறுகிற அதே மூளைப் பகுதிகளை ஓரளவு தூண்டிவிட்டு, மீண்டும் ஆடும் ஆசையை வளர்க்கிறது என்று லூக் கிளார்க்கும் சகாக்களும் கேம்பிரிட்ஜில் நடத்திய ஆய்வில், 2009-இல் கண்டனர். குலுக்கலுக்கு அண்டை வீடு என்பதே கிடையாது. 472-க்கு 473 எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமே 008-உம். அதிர்ஷ்டம் என்ற சொல்லுக்கே மூலத்தில் ‘காணப்படாதது’ என்றுதான் பொருள். அதைப் பக்கத்தில் கண்டதாக எண்ணுவது நம் பிரமை.

இவ்வளவையும் அந்தத் தொழிலாளியிடம் இயன்றமட்டில் எளிதாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்படின்னா இன்னிக்கும் அதே 473 விழலாமா சார்?" என்றார். கணித சாஸ்திரப்படி இதற்கு ஒரே விடைதான் உண்டு. "விழலாம். மற்ற நம்பருக்கு உள்ள வாய்ப்பு அதற்கும் உண்டு" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.