மழுங்கிய வாளும் மழுங்காத சட்டமும்

இங்கிலாந்தில் கோடை வந்துவிட்டால், வார இறுதிகளில் ஏதாவது ஒரு புல்வெளியில் யாராவது இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். 1471இல் நடந்த டியூக்ஸ்பரி போரை அதே ஊரில் ஜூலையில் நடித்துக் காட்டுகிறார்கள். 1066இன் ஹேஸ்டிங்ஸ் போருக்கு அக்டோபரில் கூட்டம் கூடுகிறது. இந்த மீள்நடிப்புக் குழுக்களில் இருப்பவர்கள் சம்பளத்துக்கு வந்த நடிகர்கள் அல்ல. ஆசிரியர், கணினிப் பொறியாளர், கல்லூரி மாணவர் என்று சந்தா கட்டிச் சேர்ந்தவர்கள். அவர்கள் வாளில் கூர் இல்லை, ஆனால் எடை இருக்கிறது. ஒரு கிலோ எஃகு தோளுக்கு மேலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கூர் தேவையில்லை. சண்டையின் விதிகளைக் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். குழுவின் காப்பீட்டுச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். கையில் கொடுத்த படிவத்தைக் கார் பானெட்டின் மேல் வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது, தலையில் அடி வாங்கிவிட்டு “ஒன்றுமில்லை” என்று அடுத்த சுற்றுக்கு நிற்பது, வாளைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவது ஆகிய மூன்று தவறுகளும் ஆண்டு தவறாமல் நடக்கின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பது என் வாதம்.

அந்த வேர் இந்த விளையாட்டின் மிக அழகான வழக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான குழுக்களில் அடி பட்டதா இல்லையா என்று முடிவு செய்வது நடுவர் அல்ல, அடி வாங்கியவர்தான். 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம்’ இதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டது. அங்கே வாள் என்பது குறைந்தது ஒன்றேகால் அங்குலம், அதாவது சுமார் 32 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிரம்பு. தலைக்கவசம் சுமார் 1.6 மில்லிமீட்டர் எஃகுத் தகடு. அடி முழு வலுவோடு விழும். உடம்பில் வளையக் கவசம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, இந்த அடி அதை மீறியிருக்குமா என்று வாங்கியவரே எடைபோட வேண்டும். காலில் பட்டதாக ஒப்புக்கொண்டால் முழங்காலிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும். தலையிலோ உடம்பிலோ பட்டால் செத்ததாகச் சொல்லி விழ வேண்டும். பிரிட்டனில் எஃகு வாளோடு ஆடும் குழுக்களில் கதை வேறு. அங்கே அடியை உடம்பில் படும்போதே இழுத்துப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலை, கழுத்து, கவட்டை, மூட்டு ஆகியவை பல குழுக்களில் விலக்கப்பட்ட இடங்கள். வாளின் விளிம்பு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும், நுனி காசுபோல் வட்டமாக இருக்க வேண்டும் என்பது பரவலான அளவு. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் விளிம்பில் சின்னச் சின்னப் பிசிறுகள் எழும்பி நிற்கும். அரத்தால் தேய்த்து எடுக்காவிட்டால் அடுத்த சுற்றில் எதிராளியின் விரலைக் கிழிப்பது அந்தப் பிசிறுதான். ஆபத்து என்று தோன்றினால் யாரும் “ஹோல்ட்” என்று கத்தலாம். கத்தியதும் களம் முழுவதும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். நம்பிக்கையின் மேல் கட்டிய இந்த ஒழுங்கில் எனக்குக் குறை இல்லை. யார் ‘செத்தார்’ என்பதைத் தீர்க்க நம்பிக்கை போதும். யாருக்குக் காயம், யார் பொறுப்பு, வாளை யார் எங்கே கொண்டுபோகலாம் என்பதையும் அதே நம்பிக்கையிடம் ஒப்படைப்பதுதான் தவறு.

தலையடியை எடுத்துக்கொள்வோம். அடி வாங்கியவரே முடிவு செய்வார் என்ற விதி இங்கே செல்லாது, ஏனென்றால் முடிவு செய்ய வேண்டிய உறுப்பே அடிபட்டிருக்கிறது. தலைக்கவசம் இருக்கிறதே என்பார்கள். கவசம் மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. அடித்தள விளையாட்டுகளில் ஏற்படும் மூளை அதிர்ச்சிக்கென்று 2023 ஏப்ரலில் பிரிட்டனில் ஒரு பொது வழிகாட்டி வெளியானது. சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே உட்காரவை என்பது அதன் மைய விதி. 24 மணி நேரத்துக்குள் 111 என்ற எண்ணில் என்எச்எஸ் என்ற பொதுச் சுகாதாரச் சேவையை அழைத்துச் சொல்ல வேண்டும். அந்த முதல் நாளில் தனியாக விடக் கூடாது, மது கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. நினைவு தப்பினால், வலிப்பு வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், கழுத்து கடுமையாக வலித்தால் 111 அல்ல, அவசர எண் 999. ஓய்வில் 14 நாள் அறிகுறி ஏதும் இல்லாமல் இருந்த பிறகே தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சிக்குத் திரும்பலாம். போட்டிக்கு 21ஆம் நாளுக்கு முன் எக்காரணம் கொண்டும் கூடாது. இது விளையாட்டுக்கான வழிகாட்டி, நாங்கள் வரலாறு செய்கிறோம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மண்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சனிக்கிழமை தலையில் அடி வாங்கியவரை ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு ஆள் போதவில்லை என்று களத்தில் இறக்கும் பொறுப்பாளர் தன் பதவிக்குத் தகுதியற்றவர்.

அடுத்தது அந்தப் படிவம். “என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன், எந்தக் காயத்துக்கும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல” என்று ஒரு வரி அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டவரும் வாங்கியவரும் கதை அத்துடன் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டமும், நுகர்வோர் விஷயத்தில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் தெளிவாகச் சொல்கின்றன: தொழில்முறையில் செயல்படும் ஒருவர், தன் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடல்காயத்துக்கோ தான் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கித் தப்ப முடியாது. டிக்கெட் விற்று விழா நடத்தும் நிறுவனம், கட்டணம் வாங்கிப் பயிற்சி தருபவர், இடத்தை வாடகைக்கு விட்டவர் ஆகியோர் இதற்குள் வருவார்கள். நண்பர்கள் கூடி நடத்தும் சங்கம் வருமா என்பது சிக்கலான கேள்வி. அதனால்தான் அங்கே அடிபட்டவர் படிவத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே கைவிடாமல் ஒரு சொலிசிட்டரை, அதாவது வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். விருப்பப்பட்டுத்தானே களத்தில் இறங்கினார் என்ற வாதமும் ஓரளவுக்குத்தான் எடுபடும். 1993இல் பிரபுக்கள் சபை தீர்த்த பிரவுன் வழக்கின்படி, உடல்காயத்துக்குக் கொடுத்த சம்மதம் குற்ற வழக்கில் பொதுவாக எதிர்வாதம் ஆகாது. முறைப்படி நடக்கும் விளையாட்டு அதற்கு விலக்கு. ‘முறைப்படி’ என்பதுதான் அதில் உயிர்ச்சொல். நீங்கள் சம்மதித்தது விதிக்குள் விழும் அடிக்கு. தலையில் அடிக்கக் கூடாது என்ற களத்தில் கோபத்தில் தலையில் இறங்கிய அடிக்கு நீங்கள் சம்மதிக்கவே இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் காப்பீடு வருகிறது, இங்கேதான் அலட்சியமும் உச்சத்தில் இருக்கிறது. “எங்களிடம் பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (பொதுப் பொறுப்புக் காப்பீடு) இருக்கிறது” என்ற ஒரு வாக்கியத்தோடு திருப்தி அடையாதீர்கள். சான்றிதழ் ஒற்றைப் பக்கம்தான். அதோடு வரும் விவரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பாலிசி எண், முடியும் தேதி, உச்சவரம்பு ஆகியவற்றைப் பாருங்கள். வில்வித்தையும் குதிரையும் விலக்கப்பட்டிருக்கின்றனவா? பொதுமக்கள் முன் நடக்கும் நிகழ்ச்சிக்கு மட்டுமா, வாரநாள் மாலைப் பயிற்சிக்கும் சேர்த்தா? 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அடங்குவார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினருக்கு இழைக்கும் காயம் அதில் அடங்குகிறதா? பார்வையாளர் காலில் ஈட்டி விழுந்தால் பணம் தரும் பாலிசி, சக உறுப்பினரின் விரல் உடைந்தால் கையை விரிக்கக் கூடும். பல குழுக்கள் கம்பெனியாகப் பதிவு செய்யாதவை. சட்டத்தின் கண்ணில் அவற்றுக்குத் தனி ஆள் என்ற நிலை கிடையாது. உறுப்பினர் குழுவின் மீது வழக்குப் போடுவது தன் மீதே போட்டுக்கொள்வது போல. தவறு செய்த அந்தத் தனி நபரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும், அவர் உங்கள் நண்பராக இருப்பார், அவரிடம் பணமும் இருக்காது. இன்னொன்று: இந்தக் காப்பீடு யாருடைய தவறாவது நிரூபிக்கப்பட்டால்தான் பேசும். யார் தவறும் இல்லாமல் நீங்களே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால், மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாத நஷ்டத்துக்கு விபத்துக் காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும்.

காப்பீட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைப் பலரும் அறிவதில்லை. 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த அலகு கொண்ட வாள்களை 2008 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். 2021 ஜூலை முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மரபு முறையில் கையால் செய்தது போன்ற சில விலக்குகள் உண்டு. மீள்நடிப்புக்கும் உண்டு, ஆனால் அந்த நடவடிக்கைக்கு மூன்றாம் தரப்புக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. குழுவின் பாலிசி மார்ச்சில் காலாவதியாகி, பொருளாளர் மே மாதம் புதுப்பித்தால், இடைப்பட்ட நாட்களில் உங்கள் வளைவாளுக்கு அந்தக் கேடயம் இல்லை. 1988இல் ஒரு சட்டம், 2008இல் ஓர் ஆணை, 2019இல் இன்னொரு சட்டம் என்று அரசு இதைத் துண்டு துண்டாக வைத்திருக்கிறது. சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்வான் என்று அதை எழுதியவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். அதற்காக நீதிமன்றம் இரங்காது.

நேர்வாள்தானே, அதுவும் மழுங்கல்தானே என்று நிம்மதி அடைபவர்கள் வெண்ணெய்க் கத்தி வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, அலகுள்ள பொருளைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது; உச்ச தண்டனை 4 ஆண்டு சிறை. கூரே இல்லாத வெண்ணெய்க் கத்தியும் அலகுள்ள பொருள்தான் என்று 2005இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வெண்ணெய்க் கத்திக்கே அந்தக் கதி என்றால் உங்கள் மூன்றடி வாளுக்கு என்ன? தக்க காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது, போலீசுடையது அல்ல. எனவே வாள் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் நிகழ்ச்சியின் தேதியும் இடமும் குறித்த கடிதமோ மின்னஞ்சலோ, உறுப்பினர் அட்டை, காப்பீட்டுச் சான்றிதழின் நகல் ஆகிய மூன்று தாள்கள் கூடவே போகட்டும். வாள் பூட்டிய பையில், கார் டிக்கியில் இருக்கட்டும், பின்சீட்டில் வேண்டாம். போகிற வழியில் பப்பில் இறங்காதீர்கள். இடுப்பில் வாளோடு சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்கப் போகாதீர்கள். நிகழ்ச்சி வேலிக்குள் நடக்கிறது, உங்கள் காரணமும் வேலியோடு முடிகிறது. திரும்பி வந்த இரவே வாளை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் டிக்கியில் கிடக்கும் வாளுக்கு எந்தக் காரணமும் கிடையாது. மறந்துவிட்டேன் என்பது மட்டும் தக்க காரணம் ஆகாது. திரும்பவும் சொல்கிறேன், மறந்துவிட்டேன் என்பது மட்டும் தக்க காரணம் ஆகாது. அப்படியும் பிடிபட்டால், காவல் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டியூட்டி சொலிசிட்டரைக் கேளுங்கள். “ஒரு காஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்” என்று அதிகாரி நைச்சியமாகச் சொல்வார். காஷன் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான பதிவு. நாளைக்குப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது எழுந்து வரலாம். வக்கீலிடம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவு தாள் பார்த்தால் விளையாட்டின் ருசியே போய்விடும், நாங்கள் குடும்பம்போலப் பழகுகிறோம் என்று ஒரு மறுப்பு எப்போதும் வரும். விபத்து பழக்கம் பார்ப்பதில்லை. 1559இல் பிரான்சின் அரசர் இரண்டாம் ஹென்றி, குதிரைப் போட்டியில் உடைந்த ஈட்டியின் சிராய் முகக்கவசத்துக்குள் புகுந்து பத்து நாளில் இறந்தார். 2007இல் இங்கிலாந்தின் ராக்கிங்ஹாம் கோட்டையில், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக நடந்த குதிரைப் போட்டியில் ஒருவர் ஏறக்குறைய அதே விதமாக, கண்துளை வழியே புகுந்த சிராயால் உயிரிழந்தார். இடையில் கிட்டத்தட்ட நானூற்றைம்பது ஆண்டு. அன்று அரசருக்கு அரண்மனை இருந்தது. இன்று வீட்டுக் கடன் கட்டும் ஒருவருக்கு என்ன இருக்கிறது என்பதற்குக் காப்பீட்டின் அந்த விவரப் பட்டியல்தான் பதில். நட்பு உடையக் கூடாது என்பவர்களுக்கும் இதுவே வழி. முழு அளவிலான காப்பீடு இருந்தால் நஷ்டஈட்டை நண்பர் தரப் போவதில்லை, கம்பெனி தரும்.

காயம் பட்டுவிட்டால் செய்ய வேண்டியதை அன்றே தொடங்குங்கள். விபத்துப் பதிவேட்டில் நேரம், இடம், யாருடைய எந்த ஆயுதம், உடம்பில் எங்கே பட்டது, களத்தைக் கண்காணித்த மார்ஷல் யார், பார்த்தவர்கள் யார் என்று எழுதச் சொல்லுங்கள்; எழுதிய பக்கத்தைக் கைபேசியில் படமெடுங்கள். “பெரிதாக ஒன்றுமில்லை” என்று யாராவது எழுதினால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள், அதைத் தீர்மானிப்பது மருத்துவர். டாக்டரிடம் எப்படி அடிபட்டது என்று வெட்கப்படாமல் முழுதாகச் சொல்லுங்கள். அவர் குறிப்பில் ஏறுவதுதான் பின்னால் சாட்சி. வழக்குத் தொடர காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு; சிறுவர்களுக்கு 18 வயது முடிந்த பிறகே அது ஓடத் தொடங்கும். நேரே நீதிமன்றம் போக வேண்டியதில்லை. முதலில் சொலிசிட்டர் மூலம் கோரிக்கைக் கடிதம்; எதிர்த்தரப்பு 21 நாளில் கிடைத்ததென்று பதில் சொல்ல வேண்டும், அதன்பின் விசாரிக்க அதிகபட்சம் 3 மாதம். வழிகாட்ட சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகம் இலவசமாகக் கிடைக்கும். குழுவும் தன் காப்பீட்டாளருக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். தாமதித்தால் பாலிசியே கைவிட்டுவிடக் கூடும் என்பதைப் பொறுப்பாளரின் காதில் போடுங்கள், எழுத்திலும் போடுங்கள். மாலையில் யாராவது ஒரு நல்லவர் சுத்தியலோடு வருவார், ஒடுங்கிப்போன உங்கள் தலைக்கவசத்தைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பார். முதலில் நான்கு பக்கமும் படமெடுங்கள், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து. தட்டுவது அடுத்த மாதம் ஆகட்டும்.