விழித்தெழும் யந்திரத்தின் முதல் செய்திகள்

லினக்ஸ் கணினியின் விசையை அழுத்திய பிறகு, அதன் மையமாகிய கர்னல் விழித்தெழுந்து, நினைவகம் எவ்வளவு, வட்டு எங்கே என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்து அறிவிக்கும் செய்திகள், கண் இமைப்பதற்குள் திரையில் மேலேறி மறைந்துவிடுகின்றன. வட்டு தயாராகாத அந்த ஆரம்ப தசையில் அவற்றைக் கோப்பில் எழுத மார்க்கமில்லை. ஆதலால், பழையதை அழித்துப் புதியதை ஏற்கும் வட்ட வடிவச் சேமிப்பிடமொன்றில் கர்னல் அவற்றை வைத்திருந்து, பிறகு ‘டிமெசெஜ்’ என்று கட்டளையிடுவோர்க்கு வரிசையாகக் காட்டுகிறது.

யந்திரம் பாதியிலேயே ஸ்தம்பித்துவிட்டாலோ, கட்டளையிடவே வழியில்லை. அத்தகைய சந்தர்ப்பத்தில், சீரியல் போர்ட்டிலிருந்து வேறொரு கணினிக்குக் கம்பி இணைத்து, கர்னலின் துவக்கக் கட்டளை வரியில் ‘கன்சோல்’ என்பதோடு அந்தப் போர்ட்டையும் விநாடிக்கு 115200 பிட் என்ற வேகத்தையும் குறித்துவிட்டால், ‘மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை’ என்பது போன்ற இறுதி வரி அங்கே பதிவாகி, கோளாற்றின் காரணத்தை உணர்த்தும்.