மீனில் தங்கும் நஞ்சு

ஆற்றில் விழும் இலையும் சருகும் நாளடைவில் மட்கிப் போகும். சாக்கடைக் கழிவையுங்கூட நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். ஆனால் பாதரசம், காரீயம், காட்மியம், குரோமியம் முதலிய கன உலோகங்கள் அவ்வாறு சிதைவதில்லை. நீரிலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும் அவை இடம் மாறுகின்றனவே அன்றி அழிவதில்லை. இதனை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும்.

மீனின் உடலில் இவை முதலில் தாக்கும் உறுப்பு செவுள். நஞ்சு பட்டதும் செவுள் மிகுதியாகக் கோழையைச் சுரக்கிறது. அதன் மெல்லிய இழைகள் வீங்கித் தடிக்கின்றன. நிறைய நீரிருந்தும் மீன் மூச்சுக்குத் திணறுகிறது. காரீயம் குருதியில் ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுத்து, எலும்புக்குரிய சுண்ணாம்புச் சத்தையும் குலைக்கிறது. செம்பு உயிருக்குச் சிறிதளவு தேவையானதே. அளவு மிஞ்சினால் மீனின் மோப்ப உணர்வை மழுக்கிவிடுகிறது. இரையையும் பகையையும் அறியாது மீன் தடுமாறுகிறது. முட்டைகள் பொரியாமற் போவதும், குஞ்சுகள் முதுகெலும்பு வளைந்து பிறப்பதும் உண்டு.

இத்தீங்கு மீனோடு நின்றுவிடுவதில்லை. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு வேதியியல் ஆலை பாதரசக் கழிவைக் கலந்தது. அதனைச் சிப்பியும் மீனும் தம் உடலில் சேர்த்துக்கொண்டன. அவற்றைத் தின்ற பூனைகள் வெறிகொண்டு ஆடி மடிந்தன. மீனவக் குடும்பத்தார் பேச்சும் நடையும் தடுமாறினர். தாய் நலமாகத் தோன்றியபோதும் கருவிலிருந்த குழந்தை ஊனமுற்றுப் பிறந்தது. 1956இல் வெளிப்பட்ட இந்நோய்க்கு அவ்வாலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று.

மினமாட்டா நமக்குத் தொலைவு. பாலாறு அருகில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வளித்தது. அத்தொழிலின் குரோமியக் கழிவும் உப்பும் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தன என்பதை மறைப்பது அறமாகாது. பதனிடுதலில் பயன்படும் குரோமிய வகை நஞ்சிற் குறைந்ததே. ஆயினும் அது சேற்றில் படிந்து தங்கும், சில சூழல்களில் கொடிய வகையாகவும் மாறக்கூடும். மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தியது. கழிவிலிருந்து குரோமியத்தை மீட்டெடுத்து மறுபடியும் பதனிடப் பயன்படுத்தும் முறை நம்மிடம் உள்ளது. அதனைப் பழுதறக் கைக்கொள்ளுதல் தொழில் நடத்துவோரின் கடமை. அதனை வற்புறுத்துதல் கற்றோரின் கடமை.

தேங்கிய நீரை அசுத்தப்படுத்தலாகாது எனத் தடுத்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நீர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதில் வாழும் வாயற்ற உயிர்களுக்கும் நாம் கணக்குச் சொல்லியாக வேண்டும்.