வீரமுனை வயலும் காட்சியழகும்

கண்டவுடனே ‘ஓவியம்போல் இருக்கிறது’ என்று சொல்லத் தூண்டும் இடங்கள் உலகிற் பல உள. அவ்வழகுக்கு இலக்கணம் வகுக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் வில்லியம் கில்பின் என்னும் ஆங்கிலப் பாதிரியார். வை என்னும் ஆற்றின் வழியே தாம் கண்டவற்றை 1782ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கரடுமுரடான பாறையும் பாழடைந்த கட்டடமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. உழுது வரம்பிட்ட நிலமோ உவப்பளிக்கவில்லை. டின்டர்ன் என்னுமிடத்துப் பழைய மடத்தின் இடிந்த முகடுகள் மிகவும் ஒழுங்காக நிற்கின்றனவே, சம்மட்டியால் அளவறிந்து தட்டினால் நலமாகுமே என்றுகூட எழுதினார்! அழகுவேட்கை இத்துணைத் தூரம் போகவேண்டுமா?

அவர் வீரமுனைக்கு வந்திருப்பின் ஏமாந்தே திரும்பியிருப்பார். காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் சாலையில், சம்மாந்துறையை அடுத்துள்ளது அவ்வூர். அருவியில்லை, பாழ்மாளிகையில்லை, எங்கும் சமதரை. ஆயினும் பெரும்போகத் தொடக்கத்தில் அவ்வழியே செல்வோர், நீர் நிறைந்த வயலில் வானம் முழுவதும் இறங்கிக் கிடப்பதைக் காண்பர். சில கிழமைகளில் அவ்வானம் மறைந்து பசுமை எழும். வரம்புகளிற் கொக்குகள் நிற்கும். தை, மாசியிற் கதிர் முற்றிப் பொன்னிறமாகும்.

இவ்வெழில் இயற்கை தானே வழங்கியதன்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் இங்கினியாகலையிலே தேக்கப்பட்ட நீர், வாய்க்கால் வழியே இப்பகுதி வயல்களுக்கு வருகின்றது. வட்டவிதானை முறைப்படி நீர் பங்கிட, உழவன் வக்கடையை வெட்டியும் அடைத்தும் அளவு காக்கிறான். கொக்கு நிற்கும் வரம்பும் அவன் மண்வெட்டி பட்டதே. கில்பின் விலக்கிய உழைப்பே இங்கு காட்சியாகிறது. பழந்தமிழர் இதனை அறிந்திருந்தனர். வயலும் வயல்சார்ந்த இடமும் மருதம் என்றவர்கள், நிலத்தை மட்டும் கூறி நிறுத்தினாரல்லர். பொழுதையும், பறவையையும், உழவரையும், அவர்தம் வாழ்வையும் சேர்த்தே திணை என்றனர். அரைநாளில் மருதத்திலிருந்து நெய்தலுக்கு நடந்துவிடக்கூடிய கல்முனைக் கரையோரத்தில் அக்கணக்கு எளிதில் விளங்கும்.

பேருந்தின் சாளரத்தினூடே பார்த்துச் செல்பவருக்குப் பசுமை தெரியும். ஊரின் கதை தெரியாது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி, வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் கொல்லப்பட்டனர். அது சிறுபோக அறுவடைக் காலம். தொலைவிலிருந்து நோக்கியவனுக்கு அன்றும் வயல்வெளி ஓவியம்போலவே தோன்றியிருக்கும். உயிர்தப்பியோர் அகதிகளாய் வெளியேறினர். ஆண்டுகள் சில கழிந்தபின் திரும்பிவந்து மீண்டும் உழுதனர்.