மானி சொல்வது உண்மையா?

எரிபொருள் தீரும் நிலையில் மகிழுந்தைச் சாலையோரம் நிறுத்திவிடலாம். வானில் பறப்பவருக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்காவில் பலர் வரைபடங்களையும் உதிரிப் பாகங்களையும் வாங்கி, வீட்டிலேயே சிறு விமானம் கட்டுகின்றனர். எரிபொருள் மானியை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதும் அவர்கள் பொறுப்பே.

1930களில் வெளிவந்த பைப்பர் கப் விமானத்தில் மிக எளிய மானி இருந்தது. தக்கையில் செருகிய கம்பி ஒன்று, தொட்டி மூடியின் துளை வழியாக விமானியின் கண்ணெதிரே நீட்டிக்கொண்டிருக்கும். எரிபொருள் குறையக் குறையத் தக்கை இறங்கும். வெளியே தெரியும் கம்பியும் குட்டையாகும். மின்சாரமே தேவையில்லை! இன்று பலர் மிதவை மானியைப் பொருத்துகின்றனர். மிதவையோடு இணைந்த கை ஏறி இறங்கும்போது மின்தடை மாறுகிறது. அம்மாற்றத்தை முகப்புப் பலகையிலுள்ள ஊசி காட்டுகிறது.

பொருத்துவதைவிட அளவு குறிப்பதே பெரிய வேலை. முதலில் தொட்டியை முழுமையாக வடிக்க வேண்டும். வாலில் சக்கரமுள்ள விமானம் தரையில் மூக்கை உயர்த்தி நிற்பதால் எரிபொருள் பின்பக்கம் ஒதுங்கிவிடும். ஆகவே, வாலைத் தூக்கி, பறக்கும் நிலையில் அதை நிறுத்துவர். பிறகு, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஊசி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வர். இயந்திரத்தைச் சென்றடையாமல் தொட்டியின் அடியில் தங்கிவிடும் எரிபொருளும் உண்டு. அது மட்டும் எஞ்சும்போதே ஊசி சுழியத்தைக் காட்ட வேண்டும். சில இறக்கைத் தொட்டிகளில் மிதவை உச்சிவரை எழாது. தொட்டி நிரம்பும் முன்பே ஊசி ‘முழு’ எனக் காட்டிவிடும்.

இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். 1997 அக்டோபர் 12ஆம் நாள், புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர் தாம் அண்மையில் வாங்கிய லாங் ஈஸி விமானத்தில் கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாப் பகுதியில் பறந்தார். அது வேறொருவர் கட்டிய விமானம். அதன் எரிபொருள் மானிகள் பின்னிருக்கைப் பக்கம் இருந்தன. அவற்றில் அளவுகள் குறிக்கப்படவில்லை. தொட்டியை மாற்றும் கைப்பிடியோ விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. புறப்படுமுன் எரிபொருள் நிரப்ப ஊழியர் ஒருவர் முன்வந்தார். ஒரு மணி நேரம்தான் பறக்கப்போவதாகக் கூறி டென்வர் மறுத்துவிட்டார். வானில் அக்கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்து கடலில் விழுந்தது, அவர் உயிரிழந்தார். எரிபொருள் நிரப்பாததையும், எட்டாத இடத்திலிருந்த கைப்பிடியையும், அளவு குறிக்கப்படாத மானிகளையும் விசாரணை அறிக்கை காரணங்களாகச் சுட்டியது.

நல்ல மானி இருந்தும், புறப்படுமுன் அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டுப் பார்க்கும் விமானிகள் இன்றும் இருக்கின்றனர். பறக்கும்போது அவர்கள் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வார்கள்.